பாய்க்கு மேலே ஒரு முழம்

வுனிந்தோகோ, புவா
ஆகஸ்ட் 4, 2014

டோரிகா,

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை நீ வந்தபோது நான் வீட்டில்தான் இருந்தேன். கொசுவலைக்குள் போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன். என் மனைவி அலுமிதா உன்னிடம், "அவரு சும்மா ஒரு நடை போயிருக்காரு" என்றாள். இடுப்புக்குக் கீழே அசையாதவன் நடை போயிருக்கிறான். சக்கர நாற்காலி வாசலிலேயே நிற்கிறது. நீ நாற்காலியைப் பார்த்தாய், அலுமிதாவைப் பார்த்தாய், "சரிங்க, நடந்து முடிச்சு வந்ததும் இதைக் குடுங்க" என்று கேள்வித்தாளை வைத்துவிட்டுப் போனாய். பல்கலைக்கழகத்தில் சிரிப்பை அடக்கவும் சொல்லிக்கொடுப்பார்கள் போலிருக்கிறது.

தப்பு நர்ஸ் மகரேதாவுடையது. முதல் நாள் வந்து, "சுவாவிலேருந்து ஒரு பொண்ணு வருது, உங்க மனசு எப்படி இருக்குன்னு பாக்க" என்றாள். மனசைப் பார்க்க ஆள் வந்தால் திரும்பும்போது யாரையாவது வண்டியில் ஏற்றிக்கொண்டுதான் போவார்கள் என்று எங்கள் பக்கம் ஒரு நினைப்பு. பிறகுதான் அவள் விவரமாகச் சொன்னாள்: மாணவர்கள், உடல் ஊனமுற்றவர்கள், இவர்கள் மனசு எப்படி நன்றாக இருக்கும் என்று ஆராய்ச்சி. அதற்கும் மேலே, நீ எங்களுக்குக் கேலி முறை உள்ள தீவுக்காரி என்றாள். அதை முதலிலேயே சொல்லியிருந்தால் வாசலில் உட்கார்ந்து உன்னை வரவேற்று, உங்கள் தீவில் மீனைவிட வாய் அதிகம் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருப்பேன்.

நான்காம் வகுப்பு வரை படித்தவன் எழுதுவது. பொறுத்துக்கொண்டு படி.

சோர்வாக உணர்ந்ததுண்டா என்று கேட்டிருக்கிறாய். உண்டு, உன் கேள்வித்தாள் பாதி வந்தபோது. கால்கள் எப்படிப் போயின? கடல் அட்டை எடுக்க ஆழத்தில் இறங்கி, அவசரமாக மேலே வந்தேன், ரத்தத்தில் காற்று குமிழ்விட்டு முதுகுத்தண்டைப் பிடித்துக்கொண்டது. ஒன்பது வருடம் ஆகிறது. எதிர்பார்க்கும் நல்ல செய்தி ஏதாவது? நவம்பரில் என் மகள் செரேயனாவைப் பெண் கேட்டு, திமிங்கலப் பல்லோடு வருகிறார்கள். பையன் நல்லவன், காது கொஞ்சம் பெரிது. மாலையில் மற்றவர்களோடு சேர்ந்து உட்காருவதுண்டா? இல்லை. ஆண்கள் ஊர்க் கூடத்தில் உட்கார்ந்து, வேரை இடித்துக் கரைத்த யங்கோனா குடிக்கிறார்கள். எனக்கு அந்த வேர்க்கசப்பு பிடிக்காது.

மகரேதாவின் மருந்துப் பையில் இதை அனுப்புகிறேன். தொலைபேசிக்குக் குன்றின் மேல்தான் சிக்னல். சக்கரம் ஏறாது.

எமோசி


சுவா
ஆகஸ்ட் 19

எமோசி மாமா,

கொசுவலைக்கு வெளியே உங்கள் பாதம் தெரிந்தது. சொல்ல வேண்டாம் என்று இருந்தேன்.

பதில்களுக்கு நன்றி. ஒன்றே ஒன்று இடிக்கிறது. உங்கள் கரையில், கடல் அட்டைக்கு இறங்கி நாற்காலிக்கு வந்த ஐந்து பேரைப் பார்த்திருக்கிறேன். ஐந்து பேருமே மாலையில் கூடத்துக்குப் போவதில்லை. ஐந்து பேருமே யங்கோனா பிடிக்காது என்கிறார்கள். நம் நாட்டில் யங்கோனா பிடிக்காத ஓர் ஆண் இருக்கலாம். ஐந்து பேர், ஒரே கரையில், எல்லோரும் நாற்காலியில் என்றால் நான் நம்புவதற்கில்லை.

ஆனால் என் பேராசிரியை நம்பிவிட்டார். வெளிநாட்டிலிருந்து வந்தவர், நல்லவர். "பாத்தியா டோரிகா, இவங்க எல்லாரும் குடியை விட்டுட்டாங்க. எவ்வளவு ஆரோக்கியமான மாற்றம்" என்று சந்தோஷப்படுகிறார். அது அப்படியே ஆராய்ச்சியில் அச்சாகப் போகிறது. அதைப் படிக்கும் யாரோ நாளைக்கு, தனியாக வீட்டில் உட்கார்ந்திருப்பது உங்களுக்கு நல்லது என்று திட்டம் போடுவார்கள்.

அதனால் கேலியை ஒரு கடிதத்துக்கு மட்டும் ஒத்திவைத்துவிட்டு உண்மையைச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதை உங்கள் சம்மதமில்லாமல் யாரிடமும் சொல்லக் கூடாது என்பது எங்களுக்குச் சட்டம்.

டோரிகா


வுனிந்தோகோ
செப்டம்பர் 2

டோரிகா,

பாதத்துக்கு உணர்ச்சி இல்லை, அது எங்கே நீட்டிக்கொண்டிருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? பெரியவர்கள் பாதத்தைப் பார்க்கிறாயே, வெட்கமில்லையா?

சரி, சொல்கிறேன். ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், நடுவில் நிறுத்தினால் மறுபடி கேலிக்குப் போய்விடுவேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே கூடத்துக்குப் போனேன். என் அண்ணன் பெனி தள்ளிக்கொண்டு போனான். எல்லோரும் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். தலைவரும் பாயில். நான் மட்டும் நாற்காலியில். கிண்ணம் என்னிடம் வந்தபோது குனிந்தேன், அப்போது தலைவரின் உச்சந்தலை தெரிந்தது. நடுவில் வழுக்கை, வாத்து முட்டை அளவு. நாற்பது வருடம் அவர் ஊரில் வாழ்ந்திருக்கிறேன், அவருக்கு வழுக்கை என்று எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. அவர் தலையை மேலிருந்து பார்த்தவன் யார்? தலைவரைவிட உயரமாக உட்காரக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உனக்கும்தான். வயிறு சரியில்லை என்றேன். பெனி வீட்டுக்குத் தள்ளி வந்தான். அதற்குப் பிறகு எனக்கு யங்கோனா பிடிக்காது.

பாயில் இறங்கி உட்காரலாமே என்பாய். உட்கார்ந்தேன், வீட்டில், பழகிப் பார்க்க. உணர்ச்சியில்லாத இடத்தில் புண் வந்தால் அது சொல்லிக்கொண்டு வராது. இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் குப்புறக் கிடந்தேன். இனிமேல் தரையில் உட்கார்ந்தால் மகரேதாவே என்னைக் கொன்றுவிடுவாள்.

நவம்பரில் பல்லோடு வருகிறவர்கள் கூடத்துக்குத்தான் வருவார்கள். தலைவர் முன்னால், பெண்ணின் தகப்பன் அதைக் கையில் வாங்க வேண்டும். அன்று எனக்குக் காய்ச்சல் வரும். ஏற்பாடாகிவிட்டது. பெனி என் இடத்தில் உட்காருவான். மகளுக்குத் தெரியாது.

மற்ற நான்கு பேரின் வயிறும் இதே காரணத்தால்தான் சரியில்லை என்று நினைக்கிறேன். எழுதிக்கொள், பெயர் போடாதே.

எமோசி


சுவா
செப்டம்பர் 15

எமோசி மாமா,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை வழுக்கைக்குச் சிரித்தேன். மற்ற இரண்டு தடவை சிரிக்கவில்லை.

ஒன்று கேட்கிறேன். என் தீவுக்காரி உங்கள் ஊருக்கு வந்தால் என்ன வேண்டுமானாலும் பேசலாம். உங்கள் கோழியைப் பிடித்துக்கொண்டு போகலாம், தலைவரையே வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்யலாம், கோபப்பட யாருக்கும் உரிமையில்லை. அதுதானே கேலி முறை? உங்கள் ஊரில் யாருமே தலைவரிடம் சொல்ல முடியாத ஒன்றை நான் சொல்லலாம். சிரித்துக்கொண்டே, காலை உணவுக்கு முன்னால் சொல்லி முடித்துவிடுவேன்.

ஆனால் சட்டம் இருக்கிறது. நீங்கள் சம்மதித்தால்தான். சம்மதியுங்கள் மாமா. மகள் ஒருத்திதானே.

டோரிகா


வுனிந்தோகோ
செப்டம்பர் 22

டோரிகா,

வேண்டாம்.

நீ கேட்டால் அவர் சரி என்றுதான் சொல்வார், நல்ல மனிதர். எமோசி பாவம், அவனுக்கு மட்டும் விதிவிலக்கு என்பார். அன்றிலிருந்து நான் கூடத்தில் உட்காரும்போதெல்லாம் ஊரே அந்தப் பாவத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். போகாமல் இருப்பதை நானாக முடிவு செய்தேன். அது ஒன்றுதான் இன்னும் என் காலில் நிற்கிறது.

கோழி வேண்டுமானால் பிடித்துக்கொண்டு போ.

எமோசி


சுவா
அக்டோபர் 8

எமோசி மாமா,

திட்டு சரிதான். உங்கள் விஷயத்தை யாரிடமும் பேசவில்லை, பேசவும் மாட்டேன். இது வேறு.

என் ஆராய்ச்சியில் மாணவர்களுக்கும் அதே கேள்வித்தாள்தான். போன வாரம் ஒரு தாள் மிச்சமிருந்தது. நானே நிரப்பிப் பார்த்தேன். கூட்டினால் உங்கள் ஐந்து பேரையும்விட என் நிலைமை மோசமாக வருகிறது. பேராசிரியைக்குக் காட்டவில்லை. கிழிக்கவும் இல்லை.

இங்கே விடுதியில் பெரிய சாப்பாட்டுக் கூடம். வந்த முதல் வாரம் தட்டோடு உள்ளே போனேன். எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். உட்கார்ந்திருப்பவர்கள் நடுவே போக வேண்டும். நான் யோசிக்கவே இல்லை, ஊரில் போகிற மாதிரி முதுகை வளைத்து, ஒரு கையைத் தரைப்பக்கம் தாழ்த்தி, "துலோ, துலோ" என்று ஒவ்வொரு மேசையிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனேன். கடைசி மேசை வரை. தட்டில் இருந்த குழம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து சிந்திக்கொண்டே வந்திருக்கிறது. நகரத்துப் பிள்ளைகளில் ஒருவன், "ஏய், என்னத்த தொலைச்சே? நாங்களும் தேடித் தரவா?" என்றான். மேசை மேசையாகச் சிரிப்பு.

நிமிர்ந்து நடந்து பார்த்தேன், முடியவில்லை. உட்கார்ந்திருப்பவர்கள் தலைக்கு மேலே என் தலை போவது ஏதோ திருடுவது போல இருக்கிறது. குனிந்தால் அவர்கள் சிரிக்கிறார்கள். அதனால் அறையிலேயே ரொட்டியும் தேநீரும். இரண்டாவது வருடம் நடக்கிறது. கூடத்துச் சாப்பாடு பிடிக்காது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இந்தப் பருவம் முடிந்ததும் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடலாமா என்று இருக்கிறது. பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

டோரிகா


வுனிந்தோகோ
அக்டோபர் 14

டோரிகா,

அலுமிதாவுக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். சட்டம் உனக்குத்தான், எனக்கு இல்லையே. அவள் குழம்பு இடத்தில் சிரித்தாள், ரொட்டி இடத்தில் அழுதாள். பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கு ஒரு தங்கச்சி கெடைச்சிருக்கா" என்றாள். நான் எங்கே என்றேன். "சாப்பாடு புடிக்கலைன்னு சொல்லிக்கிட்டு அறைக்குள்ள கெடக்காளே" என்றாள். ஒன்பது வருடம் யங்கோனா பற்றி அவள் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. சேர்த்து வைத்திருக்கிறாள்.

அன்று சாயங்காலமே செரேயனா வந்து நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அப்பா, நவம்பர்ல ஒனக்கு எத்தனை டிகிரி காய்ச்சல் வரப்போவுது?"

"என்ன காய்ச்சல்?"

"பெரியப்பாவுக்கு ரகசியம் தங்காதுப்பா. நீ வரலேன்னா நானும் வரல. அவங்க பல்லத் தூக்கிக்கிட்டு வந்த வழியே போகட்டும். பையனுக்குக் காது பெருசு, நல்லாக் கேக்கும், நானே சொல்லிடறேன்."

என் மகள் சொன்னால் செய்வாள். அம்மா வழி.

ஆகவே ஒரு பேரம். நீ அங்கே குனிகிறாய் என்று சிரிக்கிறார்கள். நான் இங்கே குனிய முடியவில்லை என்று ஒளிகிறேன். நீ அந்தக் கூடத்துக்குப் போ. நிமிர்ந்து அல்ல. நீ எப்படிப் போவாயோ அப்படியே, முதுகை வளைத்து, துலோ சொல்லிக்கொண்டே, நடு மேசைக்குப் போய் உட்கார்ந்து முழுச் சாப்பாடு சாப்பிடு. குழம்பைக் கிண்ணத்தில் வாங்கிக்கொள். அதைச் செய்துவிட்டாய் என்றால் தலைவரிடம் நீ என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். சம்மதம். இதை மகரேதா முன்னால் எழுதுகிறேன், அவள் சாட்சி.

படிப்பை விட்டால் கேலி முறையும் விட்டுப்போகும், பார்த்துக்கொள்.

எமோசி


நபோவாலு படகுத்துறை
அக்டோபர் 27

எமோசி மாமா,

படகு வரத் தாமதம் என்பதால் இங்கேயே எழுதி, மருந்து வாங்க வந்திருக்கும் மகரேதாவிடம் கொடுத்துவிடுகிறேன். உங்கள் ஊருக்கு வந்துவிட்டு உங்களைப் பார்க்காமல் போகிறேன். பேருந்துக்காரர் என் அப்பாவுக்கு எதிரி போல ஒலிப்பானை அடித்துக்கொண்டே நின்றார்.

முதலில் என் பாக்கி. வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் போனேன். குழம்பைக் கிண்ணத்தில் வாங்கிக்கொண்டேன். முதுகை வளைத்தேன். துலோ, துலோ. நான்காவது மேசையில் ஆரம்பித்தார்கள், "டேய், அந்தப் பொண்ணு மறுபடி எதையோ தொலைச்சிடுச்சு." நான் குனிந்தபடியே, "ஆமா, ஒங்க மரியாதையத்தான் தேடுறேன், மேசைக்குக் கீழயும் காணோம்" என்றேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை. உங்கள் கடிதங்கள் படித்துக் கெட்டுப்போய்விட்டேன். அந்த மேசையே அவனைப் பார்த்துச் சிரித்தது. நடு மேசையில் லாவ் தீவுகளிலிருந்து வந்த ஒருத்தி இருந்தாள். நகர்ந்து இடம் விட்டு, மெதுவாக, "நான் சுவரோரமாவே சுத்திப் போவேன். அப்படின்னா யாரையும் தாண்ட வேண்டாம்" என்றாள். இப்போது இரண்டு பேராகக் குனிகிறோம். முந்தாநாள் அவனே எழுந்து வழிவிட்டான்.

இனி தலைவர். வாசலிலேயே, தலைவருக்குரிய 'ராத்து' என்ற பட்டத்தைச் சொல்லியே ஆரம்பித்துவிட்டேன். "ராத்து, ஒங்க தலை அவ்வளவு உசரமா? ஒரு சக்கர நாற்காலி பக்கத்துல வந்தா ஆட்டங்கண்டுருமா?"

அவர் மனைவி கையிலிருந்த மரவள்ளிக்கிழங்கை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். தலைவர் தன் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "எமோசியா?" என்றார்.

"அஞ்சு பேரு. எமோசி மாமா சொல்லச் சொன்னாரு."

"நான் வேற நெனச்சுக்கிட்டு இருந்தேன்மா." அவர் குரல் தாழ்ந்துவிட்டது. "அந்தக் கடல் அட்டைக் கம்பெனி படகுக்கு அனுமதி குடுத்தது நான். என் மேல கோவம், அதான் கூடத்துப் பக்கமே வரலேன்னு நெனச்சேன். கூப்பிட எனக்கு மொகமில்ல. ஒன்பது வருஷமா அவன் எடத்துல யாரையும் உக்கார விடல நான்."

மாமா, இது உங்களுக்குத் தெரியுமா? பாயில் உங்கள் இடம் காலியாகவே இருக்கிறதாம்.

நீங்கள் பயந்ததை அவரிடம் சொன்னேன், பாவம் பார்த்து விதிவிலக்கு வேண்டாம் என்று. அவர் தன் இரண்டு முழங்கால்களையும் தொட்டுக் காட்டினார். "ஆறு வருஷமா வாதம். பாயில உக்காந்தா எந்திரிக்க ரெண்டு ஆள் வேணும். ஒரு நாற்காலி போட்டா தேவலைன்னு தெனமும் நெனைக்கிறேன். தலைவன் எப்படி மொதல்ல கேக்குறது? எனக்காக அவனை வரச் சொல்லு."

அவரும் நாற்காலியில்தான் உட்காரப் போகிறார். போதகரின் நாற்காலியைக் கேட்டிருக்கிறார், ஊரிலேயே உயரமானது அதுதானாம். ஆக, யாரும் யாரையும்விட உயரமில்லை. அவர் கொஞ்சம் உயரம். முறை முறைதான்.

பேராசிரியையிடம் உங்கள் சம்மதத்தோடு விளக்கினேன். தன் வாக்கியத்தைத் தானே அடித்துவிட்டார். கூடவே என் தாளையும் காட்டினேன். திட்டவில்லை. வாரம் ஒரு முறை பேச ஓர் ஆளிடம் அனுப்பியிருக்கிறார், போகிறேன். படிப்பை விடவில்லை. நவம்பரில் தேர்வு, அதனால் வர முடியாது. எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதுங்கள்.

டோரிகா


வுனிந்தோகோ
நவம்பர் 24

டோரிகா,

தேர்வை நன்றாக எழுதினாயா, இல்லை அங்கேயும் குனிந்து பக்கத்துப் பேப்பரைப் பார்த்தாயா?

காய்ச்சல் வரவில்லை. சனிக்கிழமை காலை பெனி கூடத்து வாசலில் இரண்டு பலகை போட்டு என்னை ஏற்றினான். என் இடம் அப்படியே இருந்தது. அங்கே மட்டும் பாய் நிறம் மாறாமல் புதிதாக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. அலுமிதா பெண்கள் பக்கத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் கண்ணிலும் அதேதான் விழுந்திருந்தது. பக்கத்து ஊர்களிலிருந்து நாற்காலிக்காரர்கள் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். கல்யாணப் பேச்சைப் பார்க்க இல்லை, நாற்காலியில் உட்காரும் தலைவரைப் பார்க்க.

தலைவர் போதகரின் நாற்காலியில் உட்கார்ந்தார், முழங்காலை நீட்டினார், நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டார். அது கூடம் முழுக்கக் கேட்டது. என் பக்கம் திரும்பி, "வயிறு இப்ப எப்படிடா இருக்கு?" என்றார். "தேவல, ராத்து" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. கிண்ணம் வந்தது. அதே கசப்பு, அதே கலங்கல் தண்ணீர். இன்னொன்று கேட்டேன்.

பல்லை என் கையில்தான் கொடுத்தார்கள். நல்ல கனம். நான் வாங்கிக்கொண்டு சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நடுவில் ஓர் இடத்தில் குரல் நின்றது, பெனி இருமிச் சமாளித்தான். செரேயனா தலையை நிமிர்த்தவில்லை, ஆனால் தோள் குலுங்கியது. அழுதாளா சிரித்தாளா என்று பிறகு கேட்டேன். பையனின் காதைப் பார்த்துவிட்டாளாம்.

அதற்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் நன்றி சொல்லத் தொடங்கினார். வயதானவர், பார்வை மங்கல். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது தலைவர் நாற்காலியின் முன்கால் ஒன்று உடைந்தது. உள்ளே கரையான். தலைவர் மெதுவாகப் பாய்க்கு வந்து சேர்ந்தார். அடி ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் கூடத்திலேயே உயரமாக இருந்தது நாற்காலிக்காரர்கள் நாங்கள் மூன்று பேர்தான். கூடுமானவரை குனிந்துகொண்டோம். யாரும் சிரிக்கவில்லை.

உடைந்த கால் பாயின் மேல் உருண்டு பெரியவரின் முழங்காலில் போய் முட்டி நின்றது. அவர் அதைத் தடவிப் பார்த்தார். நாங்கள் கொடுத்த பதில் காணிக்கை என்று நினைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் தூக்கி, நெற்றிக்கு நேரே பிடித்து, எங்கள் முன்னோர்களின் பெருந்தன்மையைப் பற்றி நீண்ட நேரம் பேசினார். அவர்கள் ஆட்கள் முறைப்படி கை தட்டினார்கள். நாங்களும் தட்டினோம். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கும் வழக்கம் இல்லை. போதகருக்கு இன்னும் சொல்லவில்லை. கால் இப்போது அவர்கள் ஊரில் இருக்கிறது.

எமோசி